பில்ட் பட்டனுக்குப் பின்னால்

வீட்டு மின்மீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஸ்கூட்டரின் டிஜிட்டல் ஸ்பீடாமீட்டர், மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டி என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. அதற்குள் ஒரு நிரல் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஃபர்ம்வேரை எழுதுகிறவர்கள் சி மொழியை நன்றாக அறிந்தவர்கள். சிப்பின் டேட்டாஷீட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள். ஆனால் எழுதிய நிரல் எந்த வழியாகச் சிப்புக்குள் போய்ச் சேருகிறது என்று கேட்டால், "பில்ட் கொடுப்போம், அப்புறம் டவுன்லோட் கொடுப்போம்" என்ற அளவில் பதில் நின்றுவிடுகிறது.

இதில் அவர்கள் மீது குறை சொல்ல அதிகம் இல்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் 8051 ஆய்வகம் பெரும்பாலும் கெய்ல் மென்பொருளில் நடக்கிறது. பட்டனை அழுத்தினால் பிழை 0, எச்சரிக்கை 0 என்று திரையின் கீழே வரும்; அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம். வேலைக்குச் சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, "உங்க சிஸ்டத்துல பில்ட் ஆகுதா பாருங்க" என்கிறார்கள். ஒருவர் கணினியில் ஆவது அடுத்தவர் கணினியில் ஆவதில்லை. பில்ட் ஆனாலும் போர்டில் ஏற்றினால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பில்ட் அமைப்பும் தயாரிப்பின் ஒரு பாகமே, சர்க்யூட் வரைபடத்துக்கும் சோர்ஸ் கோடுக்கும் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதை ஏற்பதற்கு முன், பட்டனுக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு போர்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 'ப்ளூ பில்' என்ற நீல நிறச் சின்னப் போர்டு. அதில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103சி8 என்ற சிப்: கார்டெக்ஸ்-எம்3 ப்ராசஸர், அதிகபட்சம் 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ராம். இதற்கு நிரல் எழுதும் நம் மடிக்கணினியிலோ இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர். இரண்டும் புரிந்துகொள்ளும் கட்டளைகள் வேறு வேறு. ஆகவே மடிக்கணினியில் ஓடியபடியே ஆர்ம் ப்ராசஸருக்கான கட்டளைகளை உருவாக்கித் தரும் கம்பைலர் தேவைப்படுகிறது. இதைத்தான் கிராஸ் கம்பைலர் என்கிறார்கள். கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சி நூலகம், டீபக்கர் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு டூல்செயின் என்று பெயர்.

டூல்செயினைத் தேர்ந்தெடுக்கும்போதே முதல் குழப்பம் வந்துவிடும். ஆர்ம் ப்ராசஸருக்கான ஜிசிசி கம்பைலரை இணையத்தில் தேடினால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் பெயர்கள் வரும். ஒன்று ஆர்ம்-நன்-இஏபிஐ என்று தொடங்கும்; இன்னொன்று ஆர்ம்-லினக்ஸ்-ஜிஎன்யூ-இஏபிஐ-எச்எஃப். முதலாவது, அடியில் எந்த இயங்குதளமும் இல்லாத வெறும் சிப்புக்கானது. இரண்டாவது, ராஸ்பெர்ரி பை போல லினக்ஸ் ஓடும் போர்டுக்கானது. ப்ளூ பில்லுக்கு இரண்டாவதை நிறுவினால் தனித்தனி ஃபைல்கள் கம்பைல் ஆகிவிடக்கூடும். இணைக்கும் கட்டத்தில்தான் லினக்ஸ் கெர்னலும் அதன் நூலகங்களும் இருப்பதாக நம்பிக்கொண்டு லிங்கர் வேலை செய்யும். 20 கேபி ராமில் லினக்ஸுக்கு இடமேது? சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸருக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. அங்கே வெறும் சிப்புக்கான டூல்செயினின் பெயர் ரிஸ்க்வி64-அன்னோன்-எல்ஃப். பெயரில் உள்ள ஒவ்வொரு துண்டும் எந்த ப்ராசஸர், எந்த இயங்குதளம், எந்த அழைப்பு மரபு என்று சொல்கிறது. நிறுவும் முன் அதைப் படித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கம்பைலர் சி ஃபைலை எடுத்து ஆப்ஜெக்ட் ஃபைலாக்கும் பகுதியைப் பாடப் புத்தகங்கள் விளக்கமாகவே சொல்கின்றன. அவை அவசரமாகத் தாண்டிப் போவது லிங்கரை. எம்பெடட் வேலையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மடிக்கணினியில் ஒரு நிரலை ஓட்டும்போது அதை நினைவகத்தில் எங்கே வைப்பது என்பதை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. வெறும் சிப்பில் அப்படி யாரும் இல்லை. நாமேதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற ஃபைல்தான் லிங்கர் ஸ்கிரிப்ட். மனைப்பிரிவு வரைபடத்தில் எந்த மனை எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று குறித்திருப்பதைப் போல, ஃப்ளாஷ் எங்கே தொடங்குகிறது, ராம் எங்கே தொடங்குகிறது, நிரலின் எந்தப் பகுதி எதற்குள் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ப்ளூ பில்லில் ஃப்ளாஷ், பதினாறடிமான எண்ணில் 08000000 என்ற முகவரியில் தொடங்கும், ராம் 20000000-இல். இந்த இரண்டு முகவரிகளும் இரண்டு அளவுகளும் தவறாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வேறு போர்டின் ஸ்கிரிப்ட்டை அப்படியே நகல் எடுத்து, 128 கேபி ஃப்ளாஷ் என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், 64 கேபியைத் தாண்டும்போதும் லிங்கர் வாய் திறக்காது. அளவைச் சரியாக எழுதியிருந்தால், ஃப்ளாஷில் இத்தனை பைட் வழிகிறது என்று அதுவே நிறுத்திச் சொல்லும். அந்தப் பிழைச் செய்தி நமக்குக் காவல்.

அதே ஸ்கிரிப்ட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உலகளாவிய மாறி ஒன்றுக்கு 25 என்று தொடக்க மதிப்புக் கொடுத்திருக்கிறோம். மாறி வாழ வேண்டிய இடம் ராம். ஆனால் மின்சாரம் போனால் ராமில் உள்ளது அழிந்துவிடும். அப்படியென்றால் அந்த 25 எங்கே காத்திருக்கும்? ஃப்ளாஷில். ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும், மெயின் ஃபங்ஷன் தொடங்குவதற்கு முன்பே, ஸ்டார்ட்அப் கோடு என்ற சிறு நிரல் அந்த மதிப்புகளை ஃப்ளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுக்கிறது. தொடக்க மதிப்பு தராத உலகளாவிய மாறிகளுக்கு 0 நிரப்புகிறது. அதன் பிறகே மெயினை அழைக்கிறது. ஆக ஒரே தரவுக்கு இரண்டு முகவரிகள்: உட்கார்ந்திருக்கும் முகவரி ஒன்று, ஓடும்போது பயன்படும் முகவரி இன்னொன்று. இதை ஸ்கிரிப்ட்டில் குறிப்பிடத் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிப்பில் ஏற்றுவதற்கான பின் ஃபைலை உருவாக்கும் கருவி, 08000000-இலிருந்து 20000000 வரை உள்ள இடைவெளி முழுவதையும் நிரப்பி 384 எம்பி அளவில் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைக்கும். 64 கேபி சிப்புக்கு 384 எம்பி! இதைப் பார்த்துத் திகைத்துப் போய் கருவியை அழித்து மீண்டும் நிறுவுகிறவர்கள் உண்டு. குறை கருவியில் இல்லை. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

பின் ஃபைலின் முதல் எட்டு பைட்டுகளை ஒருமுறையாவது திறந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கார்டெக்ஸ்-எம் ப்ராசஸர் விழித்ததும் முதலில் படிப்பது நான்கு பைட்டுகள். அது ஸ்டாக் எங்கே தொடங்க வேண்டும் என்ற முகவரி. அடுத்த நான்கு, ரீசெட் ஆனதும் ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி. இப்படித் தொடங்கும் முகவரிப் பட்டியலுக்கு வெக்டர் அட்டவணை என்று பெயர். ப்ளூ பில்லில் ராமின் உச்சியில் ஸ்டாக்கை வைத்தால் அந்த முகவரி 20005000. சிறிய பைட் முதலில் வரும் என்பதால் ஃபைலில் 00 50 00 20 என்று தெரியும். அப்படித் தெரிந்தால் லிங்கர் ஸ்கிரிப்ட்டும் வெக்டர் அட்டவணையும் தத்தம் இடத்தில் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். தெரியாவிட்டால் போர்டில் ஏற்றிப் பார்ப்பதில் பொருளில்லை.

வெக்டர் அட்டவணை காணாமல் போவதற்கு ஒரு பழக்கமான காரணம் உண்டு. ஃப்ளாஷை மிச்சப்படுத்த, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பிரிவாக வைக்கும்படி கம்பைலரிடமும், யாரும் அழைக்காத பிரிவுகளைத் தூக்கி எறியும்படி லிங்கரிடமும் சொல்வோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெக்டர் அட்டவணையை நிரலில் யாரும் அழைப்பதில்லை. அதைப் படிப்பது வன்பொருள். லிங்கருக்கு அது தெரியாது. தேவையில்லை என்று முடிவு செய்து அட்டவணையையே நீக்கிவிடும். பில்ட் வெற்றி என்று வரும், போர்டு உயிரற்றுக் கிடக்கும். ஸ்கிரிப்ட்டில் அந்தப் பிரிவை 'கீப்' என்ற சொல்லுக்குள் வைத்தால் லிங்கர் அதைத் தொடாது. உற்பத்தியாளர்கள் தரும் ஸ்கிரிப்ட்டுகளில் இந்தச் சொல் எப்போதும் இருக்கும். ஏன் இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்துவிடுகிறார்கள்.

கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்களைப் பற்றியும் இப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது. எந்த ப்ராசஸர் என்று சொல்வது முதல் ஆப்ஷன். கார்டெக்ஸ்-எம்4-இல் மிதவைப் புள்ளி வன்பொருள் இருந்தால், தசம எண்களை அதன் பதிவேடுகள் வழியாக அனுப்புவதா, சாதாரணப் பதிவேடுகள் வழியாகவா என்று இன்னொரு ஆப்ஷன். ப்ராஜெக்டின் ஒரு ஃபைல் ஒரு வகையிலும், வெளியிலிருந்து வாங்கிய நூலகம் மறுவகையிலும் கம்பைல் ஆகியிருந்தால் லிங்கர் மறுத்துவிடும். அது நல்லதுக்கே. மறுக்காமல் இணைத்திருந்தால் அனுப்பும் எண் ஒரு பதிவேட்டில் இருக்க, வாங்குபவர் வேறு பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பார். டீபக் தகவலைச் சேர்த்தால் சிப்பில் இடம் போய்விடும் என்று பலர் அஞ்சி அதை நீக்குவதையும் பார்க்கிறோம். அந்த அச்சம் வேண்டாம். டீபக் தகவல், லிங்கர் உருவாக்கிக் கணினியில் வைக்கும் எல்ஃப் ஃபைலோடு நின்றுவிடும்; சிப்புக்குள் போவதில்லை.

இடம் எங்கே போகிறது என்று அறிய ஊகம் தேவையில்லை. சைஸ் என்ற சின்னக் கருவி டூல்செயினுடனே வருகிறது. எடுத்துக்காட்டாக அது டெக்ஸ்ட் (நிரல்) 9000, டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) 120, பிஎஸ்எஸ் (0 நிரப்பப்படும் மாறிகள்) 1500 என்று மூன்று எண்களைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாஷில் போவது 9120, அதாவது முதல் இரண்டின் கூட்டல். ராமில் போவது 1620, அதாவது பின் இரண்டின் கூட்டல். டேட்டா இரண்டு கணக்கிலும் வருவதற்குக் காரணம் மேலே சொன்ன 25-இன் கதைதான். ஸ்டாக்கும் ஹீப்பும் இந்தக் கணக்கில் பொதுவாக முழுமையாக வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க லிங்கரிடம் மேப் ஃபைலைக் கேட்கலாம். எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில், எத்தனை பைட், எந்த நூலகத்திலிருந்து வந்தது என்று அதில் வரிவரியாக இருக்கும். வெப்பநிலையைத் தசமப் புள்ளியோடு அச்சிட ஒரே ஒரு பிரின்ட்எஃப் எழுதினால், அதற்குப் பின்னால் மிதவைப் புள்ளிக் கணக்கு ஃபங்ஷன்களின் நீண்ட வரிசை வந்து நிற்பதை அங்கே காணலாம். சிறிய சிப்புகளுக்காக நியூலிப்-நானோ என்ற மெலிந்த நூலகம் உண்டு. அதில் தசம எண்ணை அச்சிடும் வசதி தானாகச் சேராது. தனியாகக் கேட்டால்தான் வரும். கேட்காமல் விட்டு, எண் வரவேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து சென்சாரைச் சந்தேகிப்பது நேர விரயம்.

பில்ட் அமைப்புக்குள் எழுதப்படும் மேக்ரோ மதிப்புகள் இன்னும் ஆபத்தானவை. அவை தவறினால் பிழைச் செய்தியே வராது. இதற்கு எஸ்டிஎம்32எஃப்4 வரிசையின் பழைய நூலகம் நல்ல சாட்சி. போர்டில் உள்ள கிரிஸ்டலின் அதிர்வெண்ணை அந்த நூலகம் இயல்பாக 25 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். பலரும் வாங்கிய டிஸ்கவரி போர்டில் இருந்ததோ 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பில்ட் அமைப்பில் சரியான மதிப்பைக் கொடுக்காவிட்டால் சீரியல் போர்ட்டில் 9600 பாட் கேட்டாலும் உண்மையில் 3072 பாட்தான் கிடைக்கும், 25-க்கு 8 என்ற அதே விகிதத்தில். திரையில் குப்பை எழுத்துகள். கம்பைலர் சரி, லிங்கர் சரி, நிரலும் சரி. அமைப்பில் ஓர் எண் தவறு. இப்படிப்பட்ட மதிப்புகளை ஐடிஇ-யின் ஏதோ ஒரு உள்மெனுவில் ஒளித்து வைப்பதை நாங்கள் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். மெனுவில் இருப்பது கண்ணில் படுவதில்லை, ரிவ்யூவிலும் வருவதில்லை.

ஆகவே இவை எல்லாவற்றையும் படிக்கத்தக்க ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். அதற்கான மிகப் பழைய, இன்றும் உயிரோடிருக்கும் கருவி மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் உருவாக்கியது. அதன் கருத்து எளியது: எந்த ஃபைல் எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லிவிடுங்கள், மூலம் புதிதாகவும் விளைவு பழையதாகவும் இருந்தால் மட்டும் திரும்பச் செய்கிறேன். கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற அதன் விதி இன்றுவரை புதியவர்களைத் தடுக்கிவிடுகிறது. இடைவெளிகளை வைத்தால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். இதைப் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ளக் கூடாதது ஹெடர் ஃபைல் விஷயம். சி ஃபைல் மாறினால் திரும்பக் கம்பைல் செய் என்று மட்டும் எழுதி, அது இணைத்துக்கொள்ளும் ஹெடர்களைக் குறிப்பிடாமல் விட்டால், ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்சரை மாற்றும்போது சில ஃபைல்கள் மட்டுமே புதிதாகும். ஒரு ஃபைல் அந்த ஸ்ட்ரக்சரை 12 பைட் என்று நம்பும், இன்னொன்று 16 பைட் என்று நம்பும். நிரல் எங்கோ ஓர் இடத்தில் கலைந்து போகும். "கிளீன் பண்ணிட்டு பில்ட் பண்ணா சரியாயிடும்" என்று ஒரு குழுவில் அடிக்கடி கேட்டால், ஹெடர் சார்புகள் எழுதப்படவில்லை என்று அர்த்தம். அந்தச் சார்புகளை ஜிசிசி தானே எழுதித் தரும். அதற்கான ஆப்ஷனைச் சேர்த்து, அந்த ஃபைல்களை மேக்ஃபைலில் இணைத்தால் போதும்.

பெரிய ப்ராஜெக்டுகள் இப்போது சிமேக்குக்குப் போய்விட்டன. அது தானே கம்பைல் செய்வதில்லை. மேக் அல்லது நிஞ்ஜா போன்ற கருவிக்கு வேண்டிய ஃபைல்களை எழுதித் தருகிறது. எம்பெடட் வேலைக்கு அதனிடம் ஒரு டூல்செயின் ஃபைல் கொடுக்க வேண்டும். முதன்முதலில் செய்கிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்றுண்டு. கம்பைலர் வேலை செய்கிறதா என்று பார்க்க சிமேக் ஒரு குட்டி நிரலை முழுதாக உருவாக்கிப் பார்க்கும். வெறும் சிப்பில் நிரலை முடித்து வைக்க இயங்குதளம் இல்லாததால் அந்த இணைப்பு தோற்கும். கம்பைலர் பழுது என்று சிமேக் அறிவித்துவிடும். கம்பைலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைக்கு நிரலை உருவாக்காமல் நிலையான நூலகமாக உருவாக்கிப் பார் என்று டூல்செயின் ஃபைலில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. டூல்செயின் ஃபைலை மாற்றிய பிறகு பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குவதும் நல்லது. சிமேக் முன்பு கண்டறிந்ததைக் கேஷில் எழுதி வைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்லும். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-இல் தொடங்கிய செஃபிர் இயங்குதளம், எஸ்ப்ரெஸ்ஸிஃப் நிறுவனம் தன் சிப்புகளுக்குத் தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் ஆகியவை சிமேக்கின் மேல் லினக்ஸ் கெர்னலின் கேகான்ஃபிக் மெனுவையும் வைத்திருக்கின்றன. அடுக்குகள் கூடினாலும் அடியில் நடப்பது மேலே சொன்னதேதான். ஆர்டுயினோவிலும் அப்படியே: அமைப்புகளில் விரிவான வெளியீட்டைக் காட்டு என்று டிக் செய்தால், அது மறைத்து வைத்திருக்கும் கம்பைலர் கட்டளைகள் முழுவதும் திரையில் ஓடும். மாணவர்களுக்கு இதைவிடச் சுலபமான பாடம் இல்லை.

இனி, இவை எல்லாவற்றையும்விடக் கவனிப்புக் குறைந்த விஷயம்: வெர்ஷன். 2020 மே மாதம் வெளியான ஜிசிசி 10-இல் ஓர் இயல்பு மாறியது. அதற்கு முன் ஹெடரில் எக்ஸ்டெர்ன் போடாமல் ஒரு மாறியை அறிவித்து, அந்த ஹெடரைப் பத்து ஃபைல்களில் இணைத்தாலும் லிங்கர் பத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். புதிய வெர்ஷனில் ஒரே பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று நின்றுவிடும். ஜிசிசியைக் குறை சொல்ல முடியாது. பழைய பழக்கம்தான் தவறு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடிய ப்ராஜெக்ட், உபுண்டுவை மேம்படுத்திய ஒரே காரணத்தால் அடுத்த நாள் பில்ட் ஆகாமல் நின்றால், அந்தக் குழு எதைத் தேடும்? 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. இவை பில்டை நிறுத்துவதால் கண்ணில் படுகின்றன. பில்ட் ஆகி, ஆப்டிமைசேஷன் மட்டும் மாறி, வாலடைல் போடாத ஒரு ஃப்ளாகுக்காகக் காத்திருக்கும் லூப் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால் கண்டுபிடிக்க நாள்கள் ஆகும்.

மருந்து கடினமானதில்லை. எந்த டூல்செயின், எந்த வெர்ஷன் என்பதை ரெபாசிட்டரிக்குள்ளேயே எழுதி வையுங்கள். நிறுவிய வெர்ஷன் வேறாக இருந்தால் பில்ட் ஸ்கிரிப்ட்டே மறுக்கட்டும். முடிந்தால் டூல்செயின் முழுவதையும் ஒரு டாக்கர் இமேஜில் வைத்துவிடுங்கள். அப்போது விண்டோஸ் வைத்திருப்பவரும் லினக்ஸ் வைத்திருப்பவரும் ஒரே கம்பைலரைத்தான் பயன்படுத்துவார்கள். விண்டோஸில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுபடுத்தாமல் ஹெடர் பெயரை எழுதி, லினக்ஸ் சர்வரில் அது கிடைக்காமல் போவது போன்ற சச்சரவுகளும் முதல் நாளே வெளிப்பட்டுவிடும். நிரலுக்குள் கம்பைல் ஆன தேதியையும் நேரத்தையும் பதிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு கிட் கமிட் அடையாளத்தைப் பதியுங்கள். தேதி பதித்தால் ஒரே மூலத்தை இரண்டு முறை பில்ட் செய்தாலும் இரண்டு வேறு பின் ஃபைல்கள் வரும். இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடவே முடியாது. கமிட் பதித்தால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடலாம்.

பில்ட் ஸ்கிரிப்ட்டை ரிவ்யூ செய்யாமல் விடுவதன் ஆபத்தை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ஒரு பின்வாசல் நுழைக்கப்பட்டிருந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள் கிட் ரெபாசிட்டரியில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பின் பில்ட் ஸ்கிரிப்ட்டில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ரோயண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால் அது வெளியே வந்தது. கிட்டிலுள்ள சோர்ஸ் கோடை மட்டும் வரிவரியாகப் படித்தவர்கள் கண்ணில் அந்த வரிகள் பட்டிருக்காது.

பின் ஃபைலைச் சிப்பில் ஏற்றும் கடைசிப் படியைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்கான கருவிகளில் ஒன்றான ஓப்பன்ஓசிடி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவரின் 2005-ஆம் ஆண்டுப் பட்ட ஆய்வாகப் பிறந்தது. கணினியைப் போர்டோடு இணைக்கும் எஸ்டி-லிங்க் போன்ற பலவகை ப்ரோபுகளோடு அது இன்று பேசுகிறது. லினக்ஸில் ப்ரோபைத் தொட அனுமதியில்லை என்று வந்தால், ஒவ்வொரு முறையும் சூடோ போட்டு ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். அந்த யுஎஸ்பி கருவிக்கு ஒரு யூடெவ் விதி எழுதி, பயனரை உரிய குழுவில் சேர்ப்பதே முறை. சூடோவில் ஓட்டிய பில்ட், ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்களை ஃபோல்டரில் விட்டுச் செல்லும். அடுத்த சாதாரண பில்ட் அங்கே முட்டி நிற்கும்.

இந்த ஒழுங்கு இனி விருப்பத்தைப் பொறுத்ததாக மட்டும் இருக்கப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். டிஜிட்டல் பாகம் கொண்ட பொருளை அந்தச் சந்தையில் விற்பவர், பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்து தர வேண்டும். பொருளில் என்னென்ன மென்பொருள் பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலும் வைத்திருக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ இருந்து அந்தச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஐந்து ஆண்டு கழித்து ஒரு வரியைத் திருத்தி, அந்த ஒரு வரி மட்டுமே மாறிய ஃபர்ம்வேரை வெளியிட வேண்டுமென்றால், அன்றைய டூல்செயின், அன்றைய ஆப்ஷன்கள், அன்றைய எல்ஃப், மேப் ஃபைல்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவருடைய மடிக்கணினி ஃபார்மட் ஆகியிருக்கும்.

குழுத் தலைவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வெளியீட்டுக்கு முன், இந்த ப்ராஜெக்டை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் எதுவும் நிறுவாத ஒரு கணினியைக் கொடுங்கள். ரெபாசிட்டரியையும் அதிலுள்ள குறிப்பையும் மட்டும் வைத்து அவர் பில்ட் செய்யட்டும். அவருக்கு வந்த பின் ஃபைலை நீங்கள் வெளியிடப் போகும் பின் ஃபைலோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் வெளியீட்டைத் தள்ளிவைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.